குளத்தில் யாருக்கெல்லாம் பங்கு?



நம் சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் குளம் பெருகி மறுகால் விழுந்தால் எல்லோருக்கும் சந்தோஷம்தான். தண்ணீர் குறையும்போதுதான் வழக்கு ஆரம்பிக்கும். "நெல்லுக்கு இன்னும் ரெண்டு தண்ணி வேணும் அண்ணாச்சி" என்பார் ஆயக்கட்டுக்காரர். "தண்ணிய எறக்குனாத்தான் மீன் புடிக்க முடியும்" என்பார் குத்தகைதாரர். "மாடு குடிக்கக் கொஞ்சம் கெடக்கட்டுமே" என்பார் மேய்ப்பவர். மூவர் சொல்வதும் நியாயம்தானே!

இந்த வழக்கு இன்று வந்ததல்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்திலேயே, கி.பி. 921ஆம் ஆண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் பேசப்படுகிறது. குடவோலை எடுத்து ஆறு பேரைத் தேர்ந்தார்கள். பதவி 360 நாள். பிற்பாடு விஜயநகரக் காலத்தில், குளத்து மீன் வருமானத்தை அந்தக் குளத்தைத் தூர் வாரவே ஒதுக்கிய ஊர்களும் உண்டு. குளத்தில் எடுத்ததில் ஒரு பங்கு குளத்துக்கே திரும்பியது.

பறவைக்கும் பங்கு இருந்தது. வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டார்கள். செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் 1798இல் பாதுகாப்பு கொடுத்தார். ஊரார் ஏன் முறையிட்டார்கள்? பறவை எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. அது கலந்த தண்ணீர் வயலுக்கு உரம். நமக்குப் பக்கத்தில் நாங்குநேரி வட்டம் கூந்தன்குளத்து மக்கள், பறவை பயப்படும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. 1994இல் அது சரணாலயமானது. பின்னர் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது.

ஆனால் பழையதெல்லாம் சரி என்று எண்ணிவிடாதீர்கள். உத்திரமேரூரில் நிலமும் சொந்த மனையும் உள்ள ஆண்களுக்கே வாரியத்தில் இடம். மீன் பிடிப்பவர், ஆடு மாடு மேய்ப்பவர், தண்ணீர் எடுக்கும் பெண்கள் சொல் அங்கே ஏறவில்லை. அந்தக் குறையை நாம் தீர்க்க வேண்டும்.

எப்படி? குளம் நிறைந்திருக்கும்போதே எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். மடை அருகே ஒரு கல் நட்டு, "இதற்குக் கீழே தண்ணீரை இறக்குவதில்லை" என்று முடிவு செய்யுங்கள். அந்தத் தண்ணீரில் மீன் பிழைக்கும், மாடு குடிக்கும், பக்கத்துக் கிணறும் ஊறும். இதை மீன் குத்தகை நிபந்தனையிலேயே சேர்க்கும்படி அதிகாரிகளிடம் மனு கொடுங்கள். குத்தகைப் பணத்தில் ஒரு பங்கை வரத்துக்காலுக்கும் மடைக்கும் செலவிடக் கேளுங்கள். கோடையில் அனுமதி பெற்றுக் கரம்பை அள்ளும்போது கரையை ஒட்டித் தோண்டாமல், உள்வாயில் ஒரே மட்டமாக எடுங்கள். குழி குழியாகத் தோண்டினால் கடைசித் தண்ணீர் மடைக்கு வராமல் குழியிலேயே தங்கிவிடும்.

தண்ணீர் இருக்கும்போது பேசினால் அது ஏற்பாடு. வற்றிய பிறகு பேசினால் அது சண்டை.