குளோனிங்

ஆண், பெண் இனச்செல்களின் சேர்க்கை இல்லாமல், ஓர் உயிரியின் மரபணுத் தொகுப்பை அப்படியே கொண்ட இன்னோர் உயிரியை உருவாக்குவது குளோனிங். பாடநூல்களில் நகலாக்கம், படியாக்கம் என்ற பெயர்களும் வழங்குகின்றன. ஆய்வுக்கூடங்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே இயற்கையில் இது நடந்துவருகிறது. ஹைட்ராவின் உடலில் மொட்டு அரும்பித் தனி உயிராகப் பிரிகிறது. அசுவினிப் பூச்சி ஆண் துணையின்றியே குஞ்சு ஈனுகிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ‘பாண்டோ’ எனப்படும் ஆஸ்பென் தோப்பு சுமார் 43 ஹெக்டேரில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களாகத் தெரிகிறது. அத்தனையும் ஒரே வேர்த்தொகுதியிலிருந்து கிளைத்தவை.

உழவர்களுக்கும் இது பழைய தொழில். கரும்புக் கரணை, மரவள்ளிக் குச்சி, முருங்கைப் போத்து, மல்லிகைப் பதியம் ஆகிய எல்லாமே தாய்ச்செடியின் குளோன்களைத்தான் தருகின்றன. கொட்டை போட்டு வளர்த்த மாமரம் தாய்மரத்தின் சுவையைத் தரும் என்பதற்கு உறுதியில்லை. அதனால்தான் ஒட்டுக்கன்று தேடப்படுகிறது. அதில் மேலே வளர்வது மட்டுமே நல்ல மரத்தின் குளோன், வேர்ப்பகுதி வேறு செடியுடையது. உண்ணும் வாழைக்கோ முளைக்கும் விதையே கிடையாது. தோட்டத்தில் அதைப் பெருக்கப் பக்கக்கன்றே மரபான வழி.

தாவரச் செல் ஒவ்வொன்றும் முழுச் செடியாக வளரும் திறன் கொண்டதாக இருக்கலாம் என்று ஜெர்மன் மொழி பேசிய தாவரவியலாளர் ஹாபர்லாண்ட் 1902-இல் கூறினார். அவருடைய சோதனைகள் கைகூடவில்லை. 1950-களின் இறுதியில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் குழுவினர் கேரட் வேரின் செல்களிலிருந்து முழுச் செடியை வளர்த்து அதை மெய்ப்பித்தனர். ஆக்சின், சைட்டோகைனின் என்னும் இரு ஹார்மோன்களின் விகிதமே இதில் முக்கியம்: ஆக்சின் மிகுந்தால் வேர் பிடிக்கும், சைட்டோகைனின் மிகுந்தால் குருத்து கிளைக்கும். 1962-இல் முராஷிகியும் ஸ்கூகும் வகுத்த ஊட்டக் கலவை இன்றும் திசு வளர்ப்புக் கூடங்களில் பயன்படுகிறது. தமிழ்நாட்டு வாழைத் தோட்டங்களில் பரவலாகக் காணப்படும் ஜி9 கன்றுகள் இம்முறையில் வளர்பவை. குருத்தின் நுனித்திசுவில் வைரஸ் பெரும்பாலும் இருப்பதில்லை. அங்கிருந்து கன்று எடுத்துச் சோதித்து நட்டால் நோயற்ற தோட்டம் அமையும். முடிக்கொத்து நோயால் அழிவின் விளிம்புக்குப் போன பழனி மலைப்பகுதியின் மலைவாழைக்கு இது பெரும் துணை.

ஆனால் ஒரே மரபணுத் தொகுப்பைக் கொண்ட பயிர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பலவீனம்தான் இருக்கும். கிழங்கு நட்டே பெருக்கப்பட்ட ‘லம்பர்’ என்ற உருளைக்கிழங்கை நம்பியிருந்த அயர்லாந்தில் 1845-இல் கருகல் நோய் பரவியது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர். உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷேல் வாழையைப் பனாமா வாடல் நோய் 1960-களுக்குள் வணிகத்திலிருந்து அகற்றியது. அதன் இடத்துக்கு வந்த கேவண்டிஷ் வகையை இப்போது அதே பூஞ்சையின் இன்னொரு திரிபு தாக்குகிறது. குளோனிங்கின் பயனைப் பேசும் எவரும் இந்த வரலாற்றைத் தவிர்க்கக் கூடாது.

விலங்குகளில் நிலைமை வேறு. தோல், தசை, நரம்பு என்று ஒருமுறை மாறிவிட்ட செல் மீண்டும் கருவாவதில்லை. ஆயினும் அதன் உட்கருவில் முழு மரபணுத் தொகுப்பும் இருக்கிறது. பயன்படாத பகுதிகள் அடக்கிவைக்கப்பட்டுள்ளன. முட்டையின் சைட்டோபிளாசத்தால் அந்தத் தளைகளை அவிழ்க்க முடியும் என்பதே விலங்கு குளோனிங்கின் அடிப்படை. 1952-இல் பிரிக்ஸும் கிங்கும் தவளைக் கருவின் உட்கருவை, உட்கரு நீக்கிய முட்டையில் வைத்துத் தலைப்பிரட்டைகளை வளர்த்தனர். தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்தே தவளை உருவாக முடியும் என்று ஜான் கர்டன் 1962-இல் காட்டினார். அதற்கான நோபல் பரிசு 2012-இல்தான் அவருக்குக் கிடைத்தது.

பாலூட்டிகளில் வளர்ந்த விலங்கின் செல்லிலிருந்து பிறந்த முதல் உயிர் டாலி என்னும் செம்மறியாடு. ஸ்காட்லாந்தின் ராஸ்லின் நிறுவனத்தில் இயன் வில்முட், கீத் கேம்பெல் குழுவினர், ஆறு வயது ஆட்டின் பால்மடிச் செல்லை எடுத்து, ஊட்டத்தைக் குறைத்து அதன் பிரிதலை நிறுத்தினர். பின்னர் உட்கரு அகற்றிய முட்டையுடன் மின்துடிப்பால் இணைத்தனர். 277 இணைப்புகளில் 29 கருக்கள் தேறின. அவை 13 வாடகைத் தாய் ஆடுகளுக்குள் வைக்கப்பட்டு, 1996 ஜூலை 5 அன்று பிறந்தது ஒரே குட்டி. செல்லைத் தந்தது வெள்ளை முக ஆடு, சுமந்தது கருமுக ஆடு. குட்டியின் முகம் வெள்ளை. டாலி தானும் குட்டிகள் ஈன்று, நுரையீரல் கட்டியால் 2003-இல் இறந்தது. அக்கட்டிக்குக் காரணம் ஆடுகளிடையே பரவும் ஒரு வைரஸ். அதே செல் தொகுதியிலிருந்து பின்னர் உருவான நான்கு ஆடுகள் நலமாகவே முதுமையடைந்தன என்று 2016-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

இந்தியாவில் கர்னாலின் தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனம் 2009-இல் எருமைக் கன்றைக் குளோனிங் செய்தது. விலையுயர்ந்த நுண்கருவி இல்லாமல், முட்டையைக் கையாலேயே நுண்ணிய கத்தியால் வெட்டி உட்கருவை நீக்கும் முறை அங்கே கையாளப்பட்டது. முதல் கன்று சில நாளில் இறந்தது. அதே ஆண்டு பிறந்த கரிமா பிழைத்தது.

குளோன் எல்லா வகையிலும் மூலத்தை ஒத்திருக்காது. மைட்டோகாண்ட்ரியாவின் மரபணு, முட்டை தந்த விலங்கிலிருந்து வருவது. 2001-இல் டெக்சாஸில் பிறந்த முதல் குளோன் பூனையின் ரோம நிறம் செல் தந்த பூனையின் நிறத்திலிருந்து வேறுபட்டது, ஏனெனில் மூவண்ணப் பூனையின் செல்களில் எக்ஸ் குரோமோசோம்களில் எது அடங்கும் என்பது செல்லுக்குச் செல் மாறும். கருச்சிதைவும் குட்டிகளின் உடற்குறையும் இன்றும் மிகுதி. மனிதரைக் குளோனிங் முறையில் பிறப்பிப்பதைப் பல நாடுகள் தடைசெய்துள்ளன. இந்திய வழிகாட்டு நெறிகளும் அதை அனுமதிப்பதில்லை.

அழியும் உயிரினங்களைக் காப்பதில் இம்முறைக்கு உண்மையான இடம் உண்டு. முற்றிலும் அழிந்த பைரனீஸ் மலையாடு 2003-இல் குளோனாகப் பிறந்து சில நிமிடங்களில் மூச்சுத்திணறி இறந்தது. வட அமெரிக்காவின் கருங்கால் ஃபெரட்டில் முயற்சி பலித்தது. குளோனிங்குக்கு முன் எஞ்சியிருந்த அவ்விலங்குகள் ஏழே மூதாதைகளின் வழிவந்தவை. அந்த ஏழில் சேராத ‘வில்லா’ என்னும் ஃபெரட்டின் செல்கள் 1988-இல் உறைநிலையில் சேமிக்கப்பட்டிருந்தன, அவற்றிலிருந்து 2020 டிசம்பரில் எலிசபெத் ஆன் பிறந்தது. அதே செல்களிலிருந்து பிறந்த இன்னொரு குளோனான அன்டோனியா 2024-இல் குட்டிகள் ஈன்று, இழந்திருந்த மரபணு வேறுபாட்டைத் தன் இனத்துக்குள் மீண்டும் கொண்டுவந்தது.