ஈஸ்டர் எழுச்சியும் அயர்லாந்து அரசின் நினைவு நாட்களும்

டப்ளின் தலைமை அஞ்சலகத்தைப் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சியாளர்கள் கைப்பற்றியது 1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்களன்று. அதன் நூற்றாண்டு அணிவகுப்பை அயர்லாந்து அரசு நடத்தியதோ 2016 மார்ச் 27 அன்று. ஆண்டுக்காண்டு இடம் மாறும் ஈஸ்டர் ஞாயிறே நினைவு நாள் என்ற வழக்கம், எழுச்சியை உயிர்ப்புத் திருநாளோடு பிணைத்துவிட்டது. அணிவகுப்புக்கு ஏப்ரல் 24ஐ அரசு தேடவில்லை. தேதியில் மட்டுமல்ல, இறந்தோரை நினைவுகூர்வதிலும் இதே நெகிழ்ச்சியைக் காணலாம். அயர்லாந்து அரசின் நினைவுச் சடங்குகள் விவரங்களை மங்கலாக வைத்தவரை நிலைத்தன. விவரம் கூடியபோது சிக்கலில் மாட்டின.

1986 முதல், ஜூலை 11ஐ ஒட்டிய ஞாயிறன்று தேசிய நினைவு நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. அயர்லாந்து விடுதலைப் போரில் 1921 போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்த நாள் அது. கடந்தகாலப் போர்களிலும் ஐ.நா. பணியிலும் இறந்த அயர்லாந்தவர் அனைவருக்கும் பொதுவான அஞ்சலி. பிரிட்டிஷ் படையில் இருந்தவர்களும் அதில் அடக்கம். பெரிய எதிர்ப்பு எதுவுமின்றி அது நடந்துவருகிறது. அங்கே யாருடைய பெயரும் தனியே சொல்லப்படுவதில்லை என்பதே காரணம் என்பேன்.

கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டம் நேரெதிரான வழியில் சென்றது. 2016 ஏப்ரலில் அங்கே திறக்கப்பட்ட சுவரில் ஈஸ்டர் வாரத்தில் மாண்ட அனைவரின் பெயர்களும் பொறிக்கப்பட்டன: கிளர்ச்சியாளர், பிரிட்டிஷ் சிப்பாய், காவலர், தெருவில் குண்டு பட்டுச் செத்த குழந்தைகள். இறந்தோரில் பாதிக்கு மேல் பொதுமக்கள். ஆனால் சுவரைச் சுற்றி எழுந்த சண்டை அவர்களைப் பற்றியதாக இல்லை. கிளர்ச்சியாளரோடு சிப்பாய்களை ஒரே கல்லில் சேர்த்ததே குற்றமாயிற்று. 2017இல் சுவர்மீது சாயம் வீசப்பட்டது; 2020இல் அது சம்மட்டியால் தாக்கப்பட்டது. 2022இல் நிர்வாகம் பெயர்ச் சுவர்த் திட்டத்தையே கைவிட்டது.

2020 ஜனவரியில் அரசே சூடுபட்டது. விடுதலைக்கு முன் காவல் பணியிலிருந்த ராயல் ஐரிஷ் கான்ஸ்டபுலரிக்கு டப்ளின் கோட்டையில் நினைவு நிகழ்ச்சி ஏற்பாடாயிற்று. மேயர்கள் மறுத்தனர், சில நாட்களிலேயே அது ஒத்திவைக்கப்பட்டது. அந்தக் காவலரில் பெரும்பாலோர் அயர்லாந்துக்காரர்களே என்ற வாதம் உண்மைதான். ஆயினும் விடுதலைப் போரில் வன்முறைக்குப் பேர்போன ‘பிளாக் அண்டு டான்ஸ்’ ஆட்களும் அதே படையில் சேர்க்கப்பட்டவர்கள். தனி மனிதரின் சாவுக்கு வருந்துவது வேறு, ஒரு நிறுவனத்துக்கு அரசு மேடை அமைப்பது வேறு. அமைச்சர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டார்கள்.

துல்லியத்துக்கு உரிய இடம் ஆவணக் காப்பகம். எழுச்சியில் மூன்று குண்டுக் காயம் பட்டவர் ஆசிரியை மார்கரெட் ஸ்கின்னிடர். 1925இல் அவர் கோரிய ஓய்வூதியம் மறுக்கப்பட்டது: சட்டம் சொல்லும் படைவீரர் ஆணே என்று பொருள்கொண்டனர். 1938இல்தான் அது கிடைத்தது. பெண்களையும் பெயர்சொல்லி அழைத்துக் குடியரசை அறிவித்த எழுச்சியின் வாரிசாகத் தன்னைக் காட்டிக்கொண்ட அரசுதான் இப்படி நடந்துகொண்டது. 2014 முதல் இணையத்தில் படிப்படியாக வெளியான படைப்பணி ஓய்வூதியக் கோப்புகளில் இத்தகைய வழக்குகளை மூலத்திலேயே படிக்கலாம். நூற்றாண்டு நினைவுகள் கடைப்பிடிக்கப்பட்ட பத்தாண்டின் மெய்யான சாதனை அணிவகுப்போ சுவரோ அல்ல, இந்தக் கோப்புகளே.