சின்ன வண்டி

என் தமக்கை மகனுக்கு வயது பதினேழு. ஏரலில், தாமிரவருணிக் கரையில், வீட்டு மச்சில் உட்கார்ந்தபடியே தினமும் உலகத்துப் பந்தயத் திடல்களையெல்லாம் சுற்றி வருகிறான். மேஜையில் ஒரு ஸ்டியரிங், காலடியில் மிதிகள், எதிரே திரை. 'சிம் ரேஸிங்' என்று பெயர். பொங்கலுக்குப் போயிருந்தபோது வேடிக்கை பார்த்தேன். ஃபார்முலா ஒன் வண்டியை எடுத்தான். முதல் வளைவிலேயே பம்பரமாகச் சுழன்று சுவரில் மோதினான். ஒன்பது தடவை!

"சின்ன வண்டி ஒன்றும் கிடையாதாடா?"

"மஸ்டா இருக்கு மாமா. அது ஆட்டோ மாதிரில்லா போவுது!"

என் தமக்கையின் கவலை வேறு. கோயம்புத்தூருக்குப் போய் நிஜ வண்டியில் பழக வேண்டும், வாழைத் தோட்டத்துப் பணத்தில் கொடு என்று பையன் அடம் பிடிக்கிறானாம். "நீ ஒரு வார்த்தை சொல்லு, தம்பி" என்றாள். கதை எழுதுகிறவனிடம் கேட்டால் கதைதானே கிடைக்கும்? ஆனால் நான் சொன்னது நடந்த கதை.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. 1950-களில் அங்கே மோட்டார்ப் பந்தயங்கள் தொடங்கின. வெளிநாட்டுப் பந்தய வண்டியை வரவழைத்த செல்வந்தர்கள் ஒரு பக்கம். வீட்டுக் காரையே முடுக்கிக்கொண்டு வந்தவர்கள் மறுபக்கம். இவர்கள் ஒன்றாக ஓடினால் ஜெயித்தது ஆளா, பணமா? யாரால் சொல்ல முடியும்?

இந்தக் கேள்விக்கு விடை செய்தவர் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். ஆலை முதலாளிக் குடும்பத்தில் பிறந்தவர், பந்தயக்காரர், கையில் எண்ணெய்க் கறை படிவதைப் பற்றிக் கவலைப்படாதவர். 1983-இல் வந்த மாருதி 800 நம் தெருக்களில் பெருகிவிட்டிருந்தது. அதன் மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சினை எடுத்து, ஒற்றை ஆள் உட்காரும் பந்தய வண்டியில் ஓட்டுகிறவனுக்குப் பின்னால் பொருத்தினார். 1980-களின் கடைசியில் பிறந்த இதுதான் 'ஃபார்முலா மாருதி'. காரில் இருந்தபோது அந்த எஞ்சினுக்கு 40 குதிரை சக்திகூடக் கிடையாது. கெட்டுப்போனால் உதிரிப் பாகம் உள்ளூர்க் கடையிலேயே கிடைக்கும். எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டி. முந்துகிறவன் தன் கையாலும் காலாலும்தான் முந்த வேண்டும்.

இதில் என்ன படிக்கலாம் என்கிறீர்களா? பிரேக்கை மிதித்ததும் வண்டியின் பாரம் முன்சக்கரங்களுக்குப் போகிறது, பின்சக்கரங்கள் இலேசாகிவிடுகின்றன. அந்தச் சமயத்தில் ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பினால் பின்பக்கம் நம்மை முந்திக்கொள்ளப் பார்க்கும். ராட்சச வண்டியில் இது கண்மூடித் திறப்பதற்குள் நடந்து முடிந்துவிடும். என்ன தப்பு செய்தோம் என்றே தெரியாது. சின்ன வண்டியோ தப்பை நிதானமாகக் காட்டிக் கொடுக்கிறது. திருத்திக்கொள்ளச் சற்று அவகாசமும் தருகிறது. அதோடு, வளைவில் இழந்த வேகத்தைச் சின்ன எஞ்சின் இலேசில் திருப்பித் தராது. ஆற்றிலிருந்து நிறைகுடம் கொண்டு வருகிற பெண் மாதிரி, வேகத்தைச் சிந்தாமல் சுமக்கப் பழக வேண்டும்.

1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் திடல் திறந்தார்கள். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் அங்கே ஃபார்முலா மாருதி ஓட்டியவர்தாம். 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். ஆஸ்திரியாவின் நிக்கி லவுடாவும் தொடக்கத்தில் வோக்ஸ்வாகன் வண்டி எஞ்சின் பூட்டிய 'ஃபார்முலா வீ'யில் உருண்டவர்; பிற்பாடு மூன்று முறை உலக சாம்பியன்! நரேன் ஃபார்முலா ஒன்னில் ஓட்டியதைக் கரிவரதன் பார்க்கவில்லை. 1995-இல் சிறு விமானம் ஒன்று விழுந்து இறந்துபோனார். செட்டிப்பாளையத்தில் 2003-இல் எழுந்த திடலுக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

பையன் ஏளனம் செய்த மஸ்டா எம்.எக்ஸ்-5 அதே வம்சந்தான். 2008-இல் வந்த 'ஐரேஸிங்'கில் புதியவர்கள் பலர் அதிலே தொடங்குகிறார்கள்; மோதாமல் ஓட்டினால்தான் மேல் வகுப்புக்கு உரிமம் கிடைக்கும். சக்கரங்களை மூடிய உடலானபடியால் பக்கத்து வண்டி இலேசாக உரசினாலும் பிழைக்கும். சக்கரம் வெளியே துருத்திய வண்டியில் அப்படியில்லை; சக்கரத்தின்மேல் சக்கரம் ஏறினால் வண்டி எழும்பிவிடும்.

"இதில் நூறு சுற்று சுழலாமல் வா. அப்புறம் உன் அம்மாவிடம் பேசுகிறேன்" என்றேன்.

இரவு வெகுநேரம் மச்சில் டயர் கிறீச்சிட்டது. விடியற்காலையில் காப்பியோடு ஏறிப் போனேன். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"எத்தனை?"

"முப்பத்தாறு, மாமா. அப்புறம் போயிட்டு. மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணுதேன்."