பிரித்தானியாவின் கால்நடை ஏலச் சந்தைகள்

பிரித்தானியாவில் ஆடு, மாடுகளை வெளிப்படையாக ஏலம்விட்டு விற்கும் முறை 19-ஆம் நூற்றாண்டில் பரவியது. அதற்கு முன் விவசாயியும் வியாபாரியும் நேருக்கு நேர் பேரம் பேசியே விற்றனர். பல ஊர்களின் விலை நிலவரம் அறிந்த வியாபாரியின் கையே அதில் ஓங்கியிருந்தது. ஸ்காட்லாந்தின் ஹாவிக் நகரில் ஆண்ட்ரூ ஆலிவர் 1817-இல் தொடங்கிய ஏலம் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்றாகும். இரயில் பாதைகள் வந்தபின் நிலையங்களை ஒட்டி நிரந்தரச் சந்தைகள் எழுந்தன. கண்மதிப்பை மட்டும் நம்பி விற்கும் நிலையை மாற்ற, 1887, 1891 ஆண்டுகளின் சட்டங்கள் எடைபோடும் வசதியை வலியுறுத்தின.

ஏல நிறுவனம் கால்நடைகளைத் தானே வாங்குவதில்லை. விற்றுத் தருவதற்காக விற்பவரிடம் தரகு பெறுகிறது. விற்றவருக்கு விரைவில் பணம் கொடுத்துவிட்டு, வாங்கியவரிடம் பிறகு வசூலிப்பதும் உண்டு. அவர் பணம் தராவிட்டால் இழப்பு நிறுவனத்தையே சேரும். பட்டிகள், எடைமேடை, வண்டி கழுவுமிடம், ஊழியர் ஆகியவற்றுக்கான செலவு, வரும் கால்நடைகள் பாதியாகக் குறைந்தாலும் பாதியாகக் குறைவதில்லை. எனவே எத்தனை உருப்படிகள் ஏலத்துக்கு வருகின்றன என்பதே சந்தையின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1940-இல் இறைச்சிக் கால்நடைகளை அரசே நிர்ணயித்த விலைக்கு வாங்கத் தொடங்கியது. சந்தைகள் தரம்பிரித்துச் சேகரிக்கும் இடங்களாக மாறின. 1954-இல் கட்டுப்பாடு நீங்கி ஏலம் திரும்பியது. ஆனால் பின்னர் இறைச்சிக்கூடங்கள் பண்ணைகளிலிருந்து நேரடியாக வாங்குவது பெருகியது. நகர நடுவிலிருந்த சந்தை நிலத்தின் மதிப்பு, தரகு வருமானத்தைவிடக் கவர்ச்சியாகத் தோன்றியது. பல சந்தைகள் மூடப்பட்டன.

2001 பிப்ரவரியில் கோமாரி நோய் பரவியபோது எல்லாச் சந்தைகளும் நிறுத்தப்பட்டன. 60 இலட்சத்துக்கும் அதிகமான கால்நடைகள் கொல்லப்பட்டன. பல பண்ணைகளின் கால்நடைகள் ஒன்றுகூடும் இடமே நோய் பரவும் இடமாகவும் ஆனதால், அதன்பின் சுகாதார விதிகள் கடுமையாகிச் செலவும் கூடியது.

நேரடியாக விற்பவர்களும் ஏலத்தில் கிடைத்த விலையைப் பார்த்தே தங்கள் விலையைப் பேசுகின்றனர். ஆயினும் அந்த விலையை உருவாக்கும் சந்தைக்கு அவர்கள் தரகு தருவதில்லை. எல்லோரும் நேரடி விற்பனைக்கு மாறினால் அந்த அளவுகோல் மறைந்துவிடும். அப்போது சிறு விவசாயி, ஏலச் சந்தை வருவதற்கு முன்பிருந்ததுபோல, வாங்குபவர் சொல்லும் விலைக்கே விற்க நேரிடும்.