தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம்

ஒரு கிராமத்தையோ பக்கத்துப் பக்கத்துக் கிராமங்கள் சிலவற்றையோ எல்லையாகக் கொண்டு, அங்குள்ள விவசாயிகள் பங்குதாரர்களாகச் சேர்ந்து இயங்கும் கடன் நிறுவனம். பயிர்க்கடன் கொடுப்பது இதன் மூலப் பணி. உரமும் விதையும் விற்பது, நகைக்கடன் கொடுப்பது, வைப்புத்தொகை வாங்குவது, ரேஷன் கடை நடத்துவது எல்லாம் பிற்பாடு வந்து சேர்ந்தவை. மக்கள் இதைச் 'சொசைட்டி' என்பார்கள். பல ஊர்களில் வெறுமனே 'சங்கம்'. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 4,450 சங்கங்கள் உள்ளன. பால் சங்கம், கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, விற்பனைச் சங்கம் என விவசாயிகளின் கூட்டுறவு பல வடிவங்களில் இருந்தாலும், ஐந்து ஏக்கருக்குள் நிலம் உள்ள ஒருவர் முதலில் படியேறுவது பெரும்பாலும் இந்தச் சங்கத்தில்தான். மாநிலத்து நில உடைமைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் அந்த அளவுக்குள் அடங்குபவை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி ஓர் உடைமையின் சராசரிப் பரப்பு 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்குச் சற்றே குறைவு.

தோற்றம்

1876-78 பெரும் பஞ்சம் சென்னை மாகாணத்து விவசாயியின் கடன் நிலையை அம்பலப்படுத்தியது. ஏர்மாடும் விதைநெல்லும் போனபின் மீண்டும் உழவைத் தொடங்கப் பணம் வேண்டியிருந்தது. அதைத் தரக்கூடியவர் ஊரிலிருந்த லேவாதேவிக்காரர் ஒருவரே. அரசு 1883, 1884 ஆண்டுச் சட்டங்களின் வழியே தக்காவிக் கடன் கொடுத்துப் பார்த்தது. அந்தக் கடன் தாலுகா கச்சேரி வழியாக வந்தது. கிடைப்பதற்குள் பருவம் போய்விடும். திருப்பி வாங்கும்போது மட்டும் நாள் தவறாது. விவசாயிகள் அதை அண்டாததில் வியப்பில்லை.

1892இல் சென்னை அரசு பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவின் வேளாண் வங்கிகளை ஆராயப் பணித்தது. கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதியவர். கிராமத்துக் கணக்கு வழக்கை நேரில் அறிந்தவர். பிற்காலத்தில் மாகாணத்தின் மீன்வளத் துறையைக் கட்டியெழுப்பியவரும் இவரே. அவருடைய அறிக்கை 1895, 1897 ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வந்தது. வெளியிலிருந்து மலிவான பணத்தைக் கொண்டுவந்து கிராமத்தில் கொட்டினால் கடன்தான் பெருகும் என்பது அவர் கருத்து. சேமிப்பும் கடனும் ஒரே கூரையின் கீழ், ஊராரின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றார். சென்னையிலேயே அதற்கு ஒரு முன்னுதாரணம் இருந்தது: 1872இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் போன்ற நிதிகள். ஆனால் அவை நகரத்துச் சம்பளக்காரர்களுக்கானவை.

கிராமத்துக்கு நிக்கல்சன் பரிந்துரைத்தது ஜெர்மனியின் ரைஃபைசன் முறை. ரைன் பகுதிச் சிற்றூர்களில் மேயராக இருந்த பிரெடரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன், 1846-47 பஞ்சத்தில் ஏழைகளுக்கு ரொட்டி வழங்கும் அமைப்பில் தொடங்கி, 1860களில் கடன் சங்கங்களுக்கு வந்து சேர்ந்தவர். அவர் கண்ட வழி எளியது. சங்கத்தின் எல்லை ஒருவரையொருவர் அறிந்தவர்கள் வாழும் சிறு வட்டம். சங்கம் கடன்பட்டால் அதற்கு ஒவ்வொரு உறுப்பினரும் தம் முழுச் சொத்தோடும் பொறுப்பு. நிர்வாகிகளுக்குச் சம்பளம் இல்லை. லாபம் பங்கிடப்படாமல் சேம நிதியில் சேரும். குடித்தே அழிப்பவன் யார், வாங்கிய பணத்தை மாட்டிலும் எருவிலும் போடுபவன் யார் என்பது வங்கிக்குத் தெரியாது. பக்கத்து வயல்காரனுக்குத் தெரியும். அவன் சொத்தும் பணயத்தில் இருப்பதால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட மாட்டான். அடமானம் வைக்க எதுவும் இல்லாதவருக்கு அக்கம்பக்கத்தாரின் அறிவே ஈடாக அமைந்தது. இந்த ஈடு எப்படிக் கைமாறியது என்பதுதான் இச்சங்கங்களின் பின்வந்த வரலாறு என்று சொல்லிவிடலாம்.

1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பெருமளவு நிக்கல்சன் வகுத்த தடத்தில் வந்தது. பத்துப் பேர் சேர்ந்தால் சங்கம். ஊரகச் சங்கமானால் உறுப்பினரில் ஐந்தில் நான்கு பங்கினர் விவசாயிகளாக இருக்க வேண்டும். வரையறையற்ற பொறுப்பே பொது விதி. அவ்வாண்டு ஆகஸ்டில் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திரூரில் (இன்றைய திருவள்ளூர் மாவட்டம்) பதிவான சங்கம் நாட்டின் முதல் வேளாண் கடன் சங்கமாகக் குறிப்பிடப்படுகிறது. கர்நாடகத்தில் கதக் அருகிலுள்ள கணகினஹாள் சங்கத்துக்கும் அந்தப் பெருமையைச் சொல்வதுண்டு; அது 1905இல் தொடங்கியது.

ஜெர்மனியில் இல்லாத ஒருவரைச் சட்டம் இங்கே கொண்டுவந்து வைத்தது: பதிவாளர். சங்கத்தைப் பதிவு செய்வதும், தணிக்கை செய்வதும், தேவைப்பட்டால் கலைப்பதும் அவர். சென்னை மாகாணத்தின் முதல் பதிவாளர் பி. ராஜகோபாலாச்சாரி, பின்னர் திருவிதாங்கூர் திவானானார். பஞ்சாங்கக் கணிதத்தில் பெயர் பெற்ற எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையும் இப்பதவியில் இருந்திருக்கிறார். ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தவர்கள் அதிகாரிகள்தான். சங்கம் கீழிருந்து முளைத்தது என்பதைவிட மேலிருந்து நடப்பட்டது என்பதே பொருந்தும்.

பணம் வந்த வழி

பத்திருபது ஏழை விவசாயிகள் சேர்ந்தால் அவர்களுடைய ஏழ்மையும் சேர்ந்துகொள்ளும் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ஊர்ச் சேமிப்பு ஊர்க் கடனுக்குப் போதவில்லை. நகரத்து வைப்புத்தொகையைக் கிராமத்துக்குத் திருப்ப 1905இல் சென்னை மத்திய நகர வங்கி தொடங்கப்பட்டது. இன்றைய தமிழ்நாடு மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி அதன் வழித்தோன்றல். 1912ஆம் ஆண்டுச் சட்டம் கடன் அல்லாத சங்கங்களையும், சங்கங்களின் கூட்டமைப்புகளையும் அனுமதித்தது. மேலே தலைமை வங்கி, நடுவில் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி, அடியில் ஊர்ச் சங்கம் என்ற மூன்றடுக்கு அப்படி அமைந்தது. 1982க்குப் பிறகு நபார்டு வங்கியின் மறுநிதி இதே படிகளில்தான் இறங்கி வருகிறது. கிணறு வெட்டவும் பழைய கடனைத் தீர்க்கவும் நீண்டகாலக் கடன் தர 1929இல் மத்திய நில அடமான வங்கி தனியே தோன்றியது.

1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தபோது சங்கங்கள் பலவற்றில் நிலுவை குவிந்தது. வரையறையற்ற பொறுப்பின் மறுமுகம் அப்போது தெரிந்தது: கடனை ஒழுங்காகக் கட்டியவரின் நிலத்துக்கும் ஆபத்து. வசதியுள்ளவர்கள் சேரத் தயங்கினார்கள். காலப்போக்கில் அந்த விதி கைவிடப்பட்டு, உறுப்பினரின் பொறுப்பு அவர் போட்ட பங்குத்தொகை அளவுக்குச் சுருங்கியது.

ஐம்பதாண்டு உழைப்பின் பலனை 1951-52இல் நடந்த அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு அளந்து பார்த்தது. விவசாயிகள் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு வெறும் 3 சதவீதத்தைச் சற்றே தாண்டியிருந்தது. லேவாதேவிக்காரர்களின் பங்கு ஏறத்தாழ 70 சதவீதம். அந்த ஆய்வை நடத்திய, கோர்வாலா தலைமையிலான குழு 1954இல் சொன்ன தீர்வு, அரசே சங்கங்களில் பங்குதாரராக வேண்டும் என்பது. அதன்பின் கடன் பல மடங்கு பெருகியது, உண்மை. கூடவே, பக்கத்து வயல்காரன் நின்ற இடத்தில் அரசு வந்து நின்றது.

நடைமுறை

சங்க எல்லைக்குள் நிலமோ குடியிருப்போ உள்ள விவசாயி நுழைவுக் கட்டணமும் பங்குத்தொகையும் கட்டி உறுப்பினராகிறார். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு. உறுப்பினர் அனைவரும் கூடுவது பொதுப்பேரவை. அவர்கள் தேர்ந்தெடுப்பது நிர்வாகக் குழு. அன்றாட வேலை சம்பளம் வாங்கும் செயலாளர் கையில். ஏட்டில் தலைவர் பெரியவர். ஆனால் கடன் மனு எந்தப் பக்கம் நகரும் என்பதை அறிந்தவர் செயலாளர் என்பது ஊரறிந்த விஷயம்.

பயிர்க்கடனுக்குச் சிட்டா, கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல், ஆதார் ஆகியவை வேண்டும். நெல்லுக்கு ஏக்கருக்கு எவ்வளவு, வாழைக்கு எவ்வளவு, மஞ்சளுக்கு எவ்வளவு என்பதை மாவட்டத் தொழில்நுட்பக் குழு ஆண்டுதோறும் வரையறுக்கிறது. கடனில் ஒரு பகுதி ரொக்கம், ஒரு பகுதி உரமாக. சிறு தொகைக்கு நபர் ஜாமீன். பெருந்தொகைக்கு நில அடமானமோ நகையோ. கெடு, பயிரின் வயதைப் பொறுத்தது: நெல்லுக்குக் குறைவு, கரும்புக்கும் வாழைக்கும் கூடுதல். 2022-23இல் இச்சங்கங்கள் 17 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு 13,000 கோடி ரூபாய்க்கு மேல் பயிர்க்கடன் கொடுத்தன.

சேர்வதற்கான காரணங்கள்

கூட்டுறவுத் தத்துவத்தில் மனம் பறிகொடுத்துச் சேர்ந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வட்டிதான் முதல் காரணம். ஊரில் 'மூன்று வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். ஒரு லட்சத்துக்கு ஆண்டுக்கு 36,000. சங்கத்தில் பயிர்க்கடன் வட்டி 7 சதவீதம். அதையும் ஒன்றிய, மாநில அரசுகள் ஏற்றுக்கொள்வதால், தமிழ்நாட்டில் கெடுவுக்குள் கட்டுபவருக்கு வட்டியே இல்லை. இரண்டு ஏக்கர் நெல்லில் மிஞ்சுவது எவ்வளவு என்று அறிந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வட்டியைப் போலவே கனமான இன்னொரு சுமை, கடன் கொடுத்தவருக்கே விளைச்சலை விற்க வேண்டிய கட்டாயம். மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கியவர் அறுவடை நாளில் அவர் சொன்ன விலைக்குத் தலையாட்டியாக வேண்டும். சங்கக் கடன் அந்தக் கட்டை அவிழ்க்கிறது. அடுத்த கட்டமான விற்பனையைக் கூட்டுறவு விற்பனைச் சங்கங்கள் பார்க்கின்றன: திருச்செங்கோட்டுச் சங்கத்தின் மஞ்சள், பருத்தி ஏலங்களுக்குச் சுற்றுவட்டார மாவட்டங்களிலிருந்து மூட்டைகள் வருகின்றன. சரியான எடையும் பல வியாபாரிகளின் போட்டியும் ஓரிடத்தில் கிடைப்பது அங்கே ஈர்ப்பு. ஆனால் கடன் சங்கத்தையும் விற்பனைச் சங்கத்தையும் இணைத்து, விளைச்சல் பணத்திலேயே கடனைக் கழித்துக்கொள்ளும் பழைய திட்டம் பெரும்பாலான இடங்களில் காகிதத்தோடு நின்றது.

பிறகு உரம். 45 கிலோ யூரியா மூட்டை, தட்டுப்பாட்டுக் காலத்தில் தனியார் கடையில் வேறு சரக்கையும் சேர்த்து வாங்கினால்தான் கிடைக்கும் என்ற நிலை அடிக்கடி வரும். சங்கத்தில் வரிசை நீளமானாலும் விலை அச்சிட்டபடி. பயிர்க் காப்பீடும் கடனோடு எளிதில் சேர்ந்துவிடுகிறது. அவசரத்துக்கு நகைக்கடனும் உண்டு. பல சங்கங்களின் உண்மையான வருமானமும் அதில்தான்.

சேர முடியாதவர்களையும் சொல்ல வேண்டும். வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுபவரிடம் சிட்டா இல்லை; நிலக்காரர் கையெழுத்து தர அஞ்சுவார். நாற்று நட்டுக் களையெடுப்பவர் பெண், பட்டா கணவர் பேரில் அல்லது இறந்துபோன மாமனார் பேரில். கடன் மிக அவசரமாகத் தேவைப்படுவோரில் பெரும்பகுதி இவர்களே. நிக்கல்சன் தேடிய, அடமானம் வைக்க ஏதும் இல்லாத விவசாயியை, காகிதத்தை ஈடாகக் கேட்கும் சங்கம் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

பால் சங்கத்தோடு ஓர் ஒப்பீடு இங்கே பயன்படும். 1946இல் குஜராத்தின் கைராவில் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் உருவான ஒன்றியத்தின் மாதிரியையே தமிழ்நாட்டுப் பால் சங்கங்களும் பின்பற்றுகின்றன. அங்கே உறுப்பினர் காலையும் மாலையும் பால் ஊற்றுகிறார். கொழுப்பு அளவை அவர் எதிரிலேயே பார்க்கிறார்கள். சில நாட்களுக்கொருமுறை பணம் வருகிறது. ஒரு ரூபாய் குறைந்தாலும் அன்றே கேள்வி எழும். கடன் சங்கத்துக்கு உறுப்பினர் வருவதோ பருவத்துக்கு ஒருமுறை, அதுவும் வாங்குபவராக. தம் பொருள் உள்ளே போகாத இடத்தில் கணக்குக் கேட்கும் பழக்கம் வளர்வது கடினம்.

தள்ளுபடியும் நிர்வாகமும்

2006இல் மு. கருணாநிதி அரசு பதவியேற்ற உடனே ஏறத்தாழ 7,000 கோடி ரூபாய் கூட்டுறவுக் கடனைத் தள்ளுபடி செய்தது. 2016இல் ஜெ. ஜெயலலிதா அரசு சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும் 5,780 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது. மற்ற விவசாயிகளுக்கும் அதை விரிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் ஆணையிட, 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கி அரசின் வரம்பு செல்லும் என்றது. இடையில் 2021 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய்க் கடனைத் தள்ளுபடி செய்துவிட்டது. வறட்சியிலும் புயலிலும் அடிபட்டவருக்கு இவை உயிர் மூச்சு. தாலியை அடகு வைத்துக் கெடுவுக்குள் கட்டியவருக்கோ எதுவும் இல்லை. அடுத்த முறை அவர் தேர்தல் நாட்காட்டியைப் பார்த்துக் கட்டுவதைக் குறை சொல்ல முடியாது. அரசு ஈடுசெய்யும் தொகை தவணை தவணையாக வருவதால் சங்கத்தின் கையிருப்பும் இறுகுகிறது. 2021இல் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடிக்கு முன் நடந்த ஆய்வில் சில சங்கங்களில் போலி நகைகளும், ஒரே குடும்பத்தின் பேரில் பல கடன்களும் வெளிப்பட்டன.

சென்னையைச் சேர்ந்த பொருளியலறிஞர் அ. வைத்தியநாதன் தலைமையிலான குழு 2005இல் மத்திய அரசுக்குத் தந்த அறிக்கை, சங்கங்களின் நட்டத்தை அரசு ஒருமுறை தீர்த்துவிட்டு, பிறகு நிர்வாகத்திலிருந்து விலக வேண்டும் என்றது. நட்டத்துக்கான நிதி வந்தது. விலகல் அந்த அளவுக்கு நடக்கவில்லை. தமிழ்நாட்டில் சங்கங்கள் நீண்ட காலம் தனி அலுவலர்கள் கையில் இருந்தன. 2013, 2018 ஆண்டுகளில் தேர்தல் நடந்தபோது பெரும்பாலான இடங்களை ஆளுங்கட்சியினரே பிடித்தனர்.

2002இல் நிறுவனச் சட்டத்தில் செய்த திருத்தம் பதிவாளரின் பிடிக்கு வெளியே உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு வழி திறந்தது. மஞ்சள், தேங்காய், சிறுதானியம் ஆகியவற்றை வாங்கி விற்கும் இவை தமிழ்நாட்டில் பல நூறு உள்ளன. அவற்றின் பங்குதாரர்களில் பலர் பயிர்க்கடனுக்கும் உரத்துக்கும் பழைய சங்கத்திலேயே உறுப்பினராகத் தொடர்கிறார்கள்.