இரண்டு ஆட்டங்களோடு தீர்ப்பு எழுதியிருந்தால்...

ஓர் அணி தோற்றால் மைதான ஓரத்தில் முதலில் கேட்கும் குரல் "கோச்சை மாத்துங்க" என்பதுதான். அடுத்த குரல் "இந்த ஆட்டமுறையே சரியில்ல". நம்மூருக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை இது. அமெரிக்காவில் பல்கலைக்கழக புட்போல் அணிகளைச் சுற்றி இந்த இரண்டு குரல்களும் பல தலைமுறையாகக் கேட்கின்றன. அந்த வரலாற்றிலிருந்து ஒரு கதையை இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்கர்கள் புட்போல் என்று சொல்வது நமது உதைபந்தாட்டம் அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையில் எடுத்து ஓடுவார்கள், எறிவார்கள். பார்க்க றக்பிக்குக் கிட்ட வரும். தாக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் பத்து யார்ட் முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு முறையும் பந்தைக் கையில் வாங்கி, அதை என்ன செய்வது என்று முடிவெடுப்பவர் குவாட்டர்பேக்.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பயிற்றுவிப்பாளர் டெரல் றோயல். 1957 இல் பொறுப்பேற்றவர். 1963 இல் அந்த அணியைத் தேசிய சம்பியனாக்கினார். அதன்பின் சறுக்கல் வந்தது. 1965, 1966, 1967 என்று மூன்று வருடமும் தலா நான்கு தோல்விகள். வேறு இடத்தில் அது சாதாரணக் கணக்காக இருக்கலாம். டெக்சாஸ் ரசிகர்களுக்கு அது தாங்க முடியாத கணக்கு. தாக்குதல் ஆட்டம் மந்தமாகிவிட்டது என்ற முணுமுணுப்பு எழுந்தது. அது பொய்யும் இல்லை.

றோயல் என்ன செய்தார்? தாக்குதல் ஆட்டத்தைப் புதிதாக யோசிக்கும் வேலையை எமரி பெலார்ட் என்ற உதவிப் பயிற்றுவிப்பாளரிடம் கொடுத்தார். பெலார்ட் பெரிய பல்கலைக்கழகங்களில் பெயரெடுத்தவர் அல்ல. பல வருடம் டெக்சாஸ் மாநிலத்துப் பாடசாலை அணிகளைப் பயிற்றுவித்துவிட்டு 1967 இல்தான் அங்கு வந்தவர்.

1968 இல் அவர் கொண்டுவந்த அமைப்பு இதுதான். குவாட்டர்பேக்குக்குப் பின்னால் நடுவில் ஒருவர், அவருக்கும் பின்னால் இடமும் வலமுமாக இருவர். மேலிருந்து பார்த்தால் கவட்டைத் தடி போல இருக்கும். கோழியின் நெஞ்சுப் பக்கத்தில் இருக்கும் கவட்டை எலும்பு போல இருக்கிறதே என்று ஹூஸ்டன் பத்திரிகையாளர் மிக்கி ஹெர்ஸ்கோவிட்ஸ் சொன்னார். அந்த எலும்பின் ஆங்கிலப் பெயரான "விஷ்போன்" இதற்கும் பெயராகிவிட்டது.

இதன் சூட்சுமம் எளிமையானது. எதிரணியின் ஓரத்தில் நிற்கும் வீரரை வேண்டுமென்றே தடுக்காமல் விடுவார்கள். குவாட்டர்பேக் அவரைப் பார்த்துக்கொண்டே ஓடுவார். பந்தை நடுவில் ஓடுபவரிடம் கொடுக்கலாம், தானே வைத்துக்கொண்டு ஓடலாம், வெளியே ஓடுபவருக்குத் தட்டிவிடலாம். எதிரணி வீரர் யாரைப் பிடிக்க வருகிறாரோ, பந்து அவரிடம் இருக்காது. சொல்வதற்கு லேசு. ஆனால் அந்த முடிவை ஒரு நொடிக்குள் எடுக்க வேண்டும். அதற்கு நிறையப் பழக வேண்டும்.

முதல் ஆட்டம் ஹூஸ்டனோடு. 20-20, சமநிலை. இரண்டாவது ஆட்டம் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தோடு. 31-22, தோல்வி.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மூன்று வருடச் சறுக்கல், புதிய ஆட்டமுறை, இரண்டு ஆட்டம், ஒரு வெற்றிகூட இல்லை. நாம் அந்த மைதானத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்?

றோயல் ஆட்டமுறையைக் கைவிடவில்லை. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பிடிவாதமும் பிடிக்கவில்லை. நடுவில் நிற்பவர் குவாட்டர்பேக்குக்கு மிகக் கிட்ட நிற்கிறார் என்று கண்டு, அவரைச் சற்றுப் பின்னால் நகர்த்தினார்கள். இரண்டாவது ஆட்டத்தின் நடுவிலேயே குவாட்டர்பேக்கையும் மாற்றினார். அதுவரை ஆடியவர் பில் பிராட்லி, ரசிகர்களின் செல்லப்பிள்ளை, "சூப்பர் பில்" என்று பட்டம் பெற்றவர். அவரை உட்கார வைத்துவிட்டு ஜேம்ஸ் ஸ்ட்ரீட் என்பவரை இறக்கினார்.

அடுத்த ஆட்டத்திலிருந்து டெக்சாஸ் தொடர்ச்சியாக 30 ஆட்டங்களில் வென்றது. ஸ்ட்ரீட் ஆரம்பத்திலிருந்து ஆடிய 20 ஆட்டங்களில் ஒன்றுகூடத் தோற்கவில்லை. பிராட்லி முகத்தைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. தடுப்பு வரிசைக்கு மாறினார். பின்னாளில் தொழில்முறை லீக்கில் எதிரணியின் பந்தைப் பறிப்பதில் 1971, 1972 இரண்டு வருடமும் முதலிடம் பிடித்தார். உட்கார வைக்கப்பட்டது அவருக்கே புதிய வழியைத் திறந்தது.

1969 டிசம்பர் 6 அன்று ஆர்கன்சாஸ் பல்கலைக்கழகத்தோடு நடந்த ஆட்டத்தை இன்றும் பேசுகிறார்கள். ஜனாதிபதி நிக்சனே நேரில் வந்து பார்த்தார். கடைசிக் கால் பகுதி தொடங்கும்போது டெக்சாஸ் 14-0 என்று பின்தங்கி இருந்தது. ஸ்ட்ரீட் 42 யார்ட் ஓடி முதல் புள்ளிகளை எடுத்தார். பிறகு ஒரு நெருக்கடியான கட்டத்தில், ஓடியே பேர் வாங்கிய அந்த அணி நீளமாக எறிந்து 44 யார்ட் முன்னேறியது. முடிவு 15-14. அந்த வருடம் டெக்சாஸ் தோல்வியே காணாத தேசிய சம்பியன்.

ஆனால் வரலாற்றைச் சொல்பவர் பாதியை மட்டும் சொல்லக் கூடாது. அந்த 1969 அணியில் ஒரு கறுப்பின வீரர்கூட ஆடவில்லை. வெள்ளையர்கள் மட்டுமே ஆடித் தேசிய சம்பியனான கடைசி அணி அதுதான் என்று இன்று அதைக் குறிப்பிடுகிறார்கள். ஜூலியஸ் விட்டியர் என்ற கறுப்பின மாணவர் அங்கு பிரதான அணியில் ஆடியது 1970 இல். யாரை எந்த இடத்தில் நிறுத்துவது என்று விவாதிப்பது சுலபம். யாரை உள்ளேயே விடவில்லை என்று கேட்பதுதான் கஷ்டம்.

கதையின் அடுத்த பகுதி இன்னும் சுவையானது. ஒக்லஹோமா பல்கலைக்கழகம் டெக்சாஸின் பரம எதிரி. ஆனால் றோயல் பிறந்ததும் படித்ததும் ஒக்லஹோமாவில்தான். 1970 இல் அங்கு பயிற்றுவிப்பாளர் சக் ஃபேர்பேங்க்ஸுக்கு நெருக்கடி. அவரைத் தூக்கி எறியுங்கள் என்ற கருத்தில் ரசிகர்கள் காரில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். அவரும் அவருடைய உதவியாளர் பேரி ஸ்விட்சரும் பருவத்தின் நடுவில் விஷ்போனுக்கு மாறினார்கள். அவர்கள் கேட்டபோது றோயல் மறைக்கவில்லை, சொல்லிக்கொடுக்க வைத்தார். மாறிய கையோடு வந்த முதல் ஆட்டம் அந்த டெக்சாஸோடுதான். 41-9 என்று ஒக்லஹோமா நொறுங்கியது. அன்று ஸ்டிக்கர்க்காரர்களின் பேச்சு எடுபட்டிருந்தால்? எடுபடவில்லை. அடுத்த வருடம், 1971 இல், கிரெக் புரூயிட் என்ற கறுப்பின வீரரின் ஓட்டத்தோடு ஒக்லஹோமா ஆட்டத்துக்குச் சராசரியாக 472 யார்ட் ஓடியே எடுத்தது.

அலபாமாவின் பெயர்பெற்ற பயிற்றுவிப்பாளர் பெயார் பிரயண்டும் அப்போது சறுக்கலில் இருந்தார். அவருக்கும் றோயல் கற்றுக்கொடுத்தார். பிரயண்ட் இரகசியமாகப் பயிற்சி கொடுத்து, 1971 இல் முதல் ஆட்டத்திலேயே பலம் வாய்ந்த தென் கலிபோர்னியா அணியை 17-10 என்று வென்றார். பிறகு 1973, 1978, 1979 வருடங்களில் தேசிய சம்பியன் பட்டமும் எடுத்தார்.

கொடுத்தவருக்கு என்ன கிடைத்தது? 1971 முதல் 1975 வரை ஐந்து வருடமும் ஒக்லஹோமா டெக்சாஸை வென்றது. 1976 இல் 6-6 சமநிலை. அந்த வருட முடிவில் 52 வயதில் றோயல் ஓய்வு பெற்றார். டெக்சாஸில் 20 பருவங்கள், 167 வெற்றிகள். வெற்றியைவிடத் தோல்வி கூடிய பருவம் ஒன்றுகூட இல்லை.

இந்த முறையை உருவாக்கிய பெலார்ட்? 1972 இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்றுவிப்பாளர் ஆனார். 1975 இலும் 1976 இலும் பழைய முதலாளி றோயலையே தோற்கடித்தார். 1978 பருவத்தை நான்கு வெற்றிகளோடு தொடங்கினார். அடுத்து இரண்டு தோல்விகள். பருவத்தின் நடுவிலேயே பதவி விலகினார்.

இரண்டு ஆட்டம்! 1968 இல் வெற்றியில்லாத இரண்டு ஆட்டங்களுக்குப் பிறகும் அவருடைய யோசனைக்கு இடம் கிடைத்தது, அது அமெரிக்க புட்போலையே மாற்றியது. பத்து வருடம் கழித்து, இரண்டு தோல்விகளோடு அவருடைய காலமே அங்கு முடிந்தது.

ரசிகர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 1967 இல் டெக்சாஸ் ரசிகர்கள் நோயைச் சரியாகத்தான் சொன்னார்கள். தாக்குதல் ஆட்டம் உண்மையிலேயே படுத்திருந்தது. காசும் நேரமும் செலவழித்துப் பார்க்க வருபவருக்கு அதைச் சொல்லும் உரிமை உண்டு. ஆனால் நோயைச் சொல்வது வேறு, மருந்து எழுதுவது வேறு. ஒரு யோசனை பிழையா, அல்லது பிள்ளைகள் அதை இன்னும் பழகி முடிக்கவில்லையா என்பதைப் புள்ளிப் பலகை சொல்லாது. இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரித்தான் இருக்கும்: தோல்வி. அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் பயிற்சி நேரத்திலும் போய் நின்று பார்க்க வேண்டும்.

ஆகவே அடுத்த முறை "கோச்சை மாத்துங்க" என்று எழுதப் போகும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். அவர் எதை மாற்றினார்? எப்போது மாற்றினார்? அதைப் பழக எத்தனை ஆட்டம் கொடுத்தோம்? மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகும் அதே கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். அப்போது அதற்குப் பெறுமதி இருக்கும்.