லெத்தன் கரையில் குளிக்கப் போகிறவர்களுக்கு

கோடை வந்தால் சூரிச்சில் நம்மில் பாதிப்பேர் லெத்தனில்தான் கிடப்போம். லிம்மாத் ஆற்றுக்குள் குதிப்பது, களைத்ததும் கரையில் வெயில் காய்வது. போன வருடம் அங்கே எடுத்த படத்தை வீட்டில் காட்டினேன். அப்பா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "அங்கையே போறனி? அது தூள் அடிக்கிறவை விழுந்து கிடந்த இடமெல்லோ" என்றார்.

அப்பா 80களின் நடுப்பகுதியில் அகதியாக வந்தவர். சூரிச் பான்ஹோஃபுக்குப் பக்கத்து உணவகமொன்றில் கோப்பை கழுவினார். நிலையத்துக்குப் பின்னால், தேசிய அருங்காட்சியகத்தையும் தாண்டினால் பிளாட்ஸ்பிட்ஸ் பூங்கா. சீல் ஆறு லிம்மாத்துடன் கலக்கும் முனை அது. 1883இல் சுவிஸ் தேசியக் கண்காட்சி நடந்த அழகான இடம். நூறு வருடம் கழித்து, வெளிநாட்டுத் தொலைக்காட்சிகள் அதை 'ஊசிப் பூங்கா' என்று காட்டின. நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வந்து ஹெரோயின் வாங்கி, அங்கேயே ஊசி போட்டுக்கொண்டார்கள்.

ஹெரோயின் எப்படிக் கொல்கிறது என்று பலருக்குத் தெரியாது. இதயம் வெடிப்பதெல்லாம் இல்லை. மூச்சு விடச் சொல்லும் மூளைப் பகுதி மந்தமாகிவிடும். ஆள் தூங்குவதுபோலவே இருப்பார், உதடு நீலமாகும். பக்கத்தில் யாராவது இருந்து செயற்கைச் சுவாசம் கொடுத்தால் பிழைக்கலாம். தனியே இருந்தால் முடிந்தது கதை.

அதோடு எயிட்ஸும் சேர்ந்தது. ஒரே ஊசியைப் பலர் பாவித்ததால் எச்.ஐ.வி. வேகமாகப் பரவியது. அப்படியிருந்தும், 1985இல் சூரிச் மாநிலத்தின் தலைமை வைத்தியர், சுத்தமான ஊசி கொடுக்கும் வைத்தியர்களின் அனுமதிப் பத்திரம் பறிக்கப்படும் என்று மிரட்டினார். நூற்றுக்கணக்கான வைத்தியர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். அடுத்த வருடமே தடை நீங்கியது. 1988 முடிவிலிருந்து பேராசிரியர் பீட்டர் குரோப் தலைமையிலான குழுவொன்று பூங்காவுக்குள்ளேயே ஊசி கொடுத்தது, மூச்சு நின்றவர்களை ஆயிரக்கணக்கான தடவை மீட்டது. இந்தப் பகுதியை வாசித்தபோது நான் கணினியை மூடிவிட்டு வெளியே போய்விட்டேன். ஒரு பூங்கா, ஆயிரக்கணக்கான தடவை!

1992 பெப்ரவரி 5ஆம் திகதி பூங்காவை மூடினார்கள். போக்கிடம் எதுவும் ஒழுங்கு செய்யாமல் மூடினார்கள். ஆட்கள் ஐந்தாம் வட்டாரத்து மாடிப்படிகளிலும் வாசல்களிலும் சிதறி, கடைசியில் ரயில் ஓடாத லெத்தன் நிலையத்தில் கூடினார்கள். ஆம், நாம் வெயில் காயும் அதே கரை. அந்த வருடத்தில் மட்டும் சுவிஸில் 400க்கும் மேற்பட்டோர் போதைப்பொருளால் இறந்தார்கள்.

அப்பாவிடம், "நீங்கள் ஒருவருக்கும் உதவி செய்யேல்லையோ?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அந்தக் காலத்தில் தமிழர் என்றாலே தோல் ஜாக்கெட் போட்ட தூள் வியாபாரிகள் என்ற பேச்சு பத்திரிகைவரை போயிருந்தது. சிலர் விற்றுப் பிடிபட்டது உண்மைதான். பழி எல்லோர் தலையிலும் விழுந்தது. பூங்காப் பக்கம் நின்றாலே பொலிஸ் சோதிக்கும், வழக்கு வந்தால் அகதி விண்ணப்பம் என்னாகும் என்ற பயம். அப்பா வேலை முடிந்து தெருவின் மறுபக்கத்தால் நடந்து போவாராம்.

பிறகுதான் எங்கள் வீட்டு அல்பத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் அந்த மாமாவைப் பற்றிச் சொன்னார். 1993 இலையுதிர் காலத்தில் இறந்தவர். நெஞ்சுவலி என்றுதான் இத்தனை வருடமும் நான் கேள்விப்பட்டிருந்தேன். ஊரில் அவருடைய தாய்க்கும் அப்படித்தான் சொல்லப்பட்டது. அறைக்குள் தனியே இருந்திருக்கிறார்.

1994 ஜனவரியில், வேறெந்தச் சிகிச்சையும் பலிக்காத நீண்டகால நோயாளிகளுக்கு வைத்தியர் கண்காணிப்பில் ஹெரோயினே கொடுக்கும் பரிசோதனை தொடங்கியது. சூரிச் நகரசபையின் எமிலி லீபர்ஹெர் இதற்காகப் பல காலம் வாதாடியவர். 1993இல் உள்துறைக்கு வந்த ரூத் டிரைஃபுஸ் அதை நாட்டுக் கொள்கையாக்க உழைத்தார். தடுத்தல், சிகிச்சை, தீங்கைக் குறைத்தல், பொலிஸ் நடவடிக்கை என்று நான்கு தூண்கள். 1995 பெப்ரவரி 14இல் லெத்தனை மூடும்போது, ஆட்களைப் பராமரிக்க இடங்களும் தயாராயிருந்தன. 2000ஆம் ஆண்டளவில் வருடாந்த மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகின. 2008இல் இந்தச் சட்டத்துக்கு வாக்காளர்களில் 68 வீதத்தினர் ஆம் என்றார்கள். வாக்குப் போட்டவர்களில் பலர் அந்தப் பூங்காவைக் கண்ணால் கண்டவர்கள்.

மாமா இன்னும் சில மாதம் இருந்திருந்தால் தப்பியிருப்பாரா என்று கேட்டேன்.

அப்பா தலையாட்டினார். "அவன் அந்த வரிசையிலை போய் நிண்டிருக்க மாட்டான். தமிழ் ஆக்கள் ஆரும் கண்டிடுவினம் எண்டு பயந்திருப்பான்."

மாமாவின் தாய் இன்னும் இருக்கிறா. தொலைபேசியில் பேசும்போதெல்லாம் எனக்கு உப்பைக் குறைக்கச் சொல்லுவா, எங்கள் குடும்பத்தில் நெஞ்சுவலி இருக்கிறதாம்.